கதவால் போகாத தொட்டி

ஒட்டுப்பலகையில் மீன்தொட்டி செய்யலாம் என்று சொன்னால் யாரும் உடனே நம்புவதில்லை. பலகை ஊறாதா, உப்பாதா, பிரியாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மெல்லிய மரத்தாள்களை, ஒன்றின் நார் மற்றதன் நாருக்குக் குறுக்காக ஓடும்படி அடுக்கி, பசை போட்டு அழுத்தியதுதான் பிளைவூட். ஓரத்தால் தண்ணீர் புகத் தொடங்கினால் மழையில் நனைந்த பாடப்புத்தகம் மாதிரி இதழ் இதழாக விரிந்துவிடும். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்த அப்பாவும் அதையேதான் சொன்னார். “பிளைவூட் தண்ணிக்குரிய பலகை இல்லை, தம்பி.”

அவர் சொன்னது சரி. இந்த வகைத் தொட்டியில் பலகைக்கும் தண்ணீருக்கும் சந்திப்பே கிடையாது. பலகையின் வேலை பலம் கொடுப்பது. தண்ணீரைத் தடுப்பது உள்ளே பூசுகிற எப்பொக்சிப் பூச்சு. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. மற்ற மூன்று பக்கமும் அடியும் மரம். பெரிய தொட்டி வேண்டும், பெரிய காசு இல்லை என்கிறவர்களின் வழி இது.

தொட்டி கேட்டவள் மகள். வயது 15. ஒஸ்கார் என்றொரு மீன், தென்னமெரிக்க ஆறுகளுக்கு உரியது. கடையில் தீப்பெட்டி நீளத்தில் நீந்திக்கொண்டிருக்கும், விலையும் அதிகமில்லை. நன்றாகத் தீனி போட்டால் ஒரு வருடத்தில் ஓர் அடிக்குக் கிட்ட வந்துவிடும். வாங்கிய வீட்டுக்காரர் திகைத்துப்போவார். சிலர் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒன்ராறியோக் குளங்களில் இப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது இங்கே பலருக்கும் தெரிந்த சங்கதி. தங்கமீன் பனிக்காலத்தைத் தாங்கும். ஒஸ்கார் தாங்காது. மகள் தன் பள்ளித் தோழி வீட்டில் வேண்டாம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தாள். பிறகு இரண்டு. பிறகு ஒன்று, அதோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கெளிறு ஒன்று. அகதி மீன்கள் என்று என் நண்பர் ஒருவர் பகிடி விட்டார். மகளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு சின்னத் தொட்டிகளில் அவை திரும்ப இடமில்லாமல் நின்றன.

8 அடி நீளம், 3 அடி அகலம், 30 அங்குல உயரம் என்று முடிவானது. பிளைவூட் 8க்கு 4 அடித் தாளாக வருவதால் நீளத்தைத் தாளே தீர்மானித்தது. தண்ணீர் 70 சென்ரிமீற்றருக்கு நிற்கும். ஏறக்குறைய 1,450 லீற்றர். லீற்றருக்கு ஒரு கிலோ. பலகையையும் கண்ணாடியையும் கல்லையும் சேர்த்தால் ஒன்றரைத் தொன்னுக்கு மேல். மரத்தளத்தில் வைக்கிற சாமான் இல்லை. பேஸ்மென்றின் கொங்கிறீற் தரைதான் அதற்கு இடம்.

எடையைவிட என்னைப் பயமுறுத்தியது தள்ளுவிசை. தண்ணீரின் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்ததில்லை. பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிவைத்த விடயம், நாமும் பள்ளியில் எழுதிப் புள்ளி வாங்கிய விடயம். ஆனால் கண்ணாடிக்கு ஓடர் கொடுக்கும்போதுதான் அது உடம்பில் உறைக்கிறது. 3 அடி அகலத் தொட்டி கண்ணாடியை எவ்வளவு தள்ளுமோ, அதே ஆழத்தில் மட்டக்களப்பு வாவி முழுவதும் பின்னால் நின்றாலும் அவ்வளவுதான் தள்ளும். மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். முன்பக்கம் முழுவதுக்கும் 600 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எட்டுப் பேர் தங்கள் முழு எடையையும் கொடுத்து உள்ளேயிருந்து சாய்ந்து நிற்பது போல, இரவும் பகலும், களைப்பில்லாமல். அதுவும் பெரும்பகுதி அடிப்பக்கத்தில்.

கண்ணாடியிலேயே செய்யப்பட்ட இந்த அளவுத் தொட்டி கடையில் ஆயிரக்கணக்கான டொலர். காசு இருந்தாலும் எங்கள் பேஸ்மென்ற் படிக்கட்டின் திருப்பத்தில் அது திரும்பாது. பலகையைத் தனித்தனியாக இறக்கி, நிற்கப்போகும் இடத்திலேயே பூட்டவேண்டும். மனைவி மீற்றர் நாடாவைப் பிடித்தபடி படியில் நின்று கேட்டார்: “பிறகு இதை எப்பிடி வெளியாலை எடுக்கிறது?”

“எடுக்க ஏலாது.”

சாதாரணப் பதில். ஆனால் அதைச் சொன்னபோது வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

எங்கள் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் அம்மா கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது. தூக்கிக்கொண்டு போகலாமோ? 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எனக்கு 12 வயது. உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு சீலைப்பையில் வந்தன. தையல் மெஷின் வரவில்லை. அப்பாவின் ஆயுதப்பெட்டி வரவில்லை. (ஆயுதம் என்றால் உளி, வாள், இழைப்புளி. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கிறது.) அதற்குப் பிறகு அம்மா கனமான எதையும் வாங்க விடவில்லை. நான் 1994இல் கனடாவுக்கு வந்தேன். இந்த வீடு எனது ஒன்பதாவது முகவரி. முதல் எட்டிலும் நான் வைத்திருந்த கட்டில், மேசை எல்லாம் ஸ்குரூ கழற்றி மடிக்கக்கூடியவை. அப்படித் திட்டமிட்டு வாங்கினேன் என்று சொல்லமுடியாது; கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. அம்மா 2019இல் போய்ச் சேர்ந்தார். இருந்திருந்தால் இந்தத் தொட்டிக்குச் சம்மதித்திருப்பாரா என்று யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது 79. 2004இல் இங்கே வந்தவர். பெட்டியில் ஒரேயொரு உளி கொண்டுவந்தார். இருபது வருடமாக அது அலுமாரித் தட்டில் துணியில் சுற்றிக் கிடந்தது. இங்கே செய்ய என்ன இருக்கிறது, எல்லாம் செய்துதானே வருகுது என்பார். அவருடைய தகப்பனார் ஓடாவி. வல்வெட்டித்துறைக் கரையில் வள்ளம் கட்டியவர். அந்த ஊர் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, எங்கள் ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது புறப்பட்டதைக் கரையில் நின்று பார்த்த இளந்தாரிகளில் அப்பப்பாவும் ஒருவராம். ஊரில் யாரைக் கேட்டாலும் தன் அப்பப்பாவும் அங்கே நின்றதாகத்தான் சொல்லுவார்கள், அது வேறு கதை.

வள்ளத்துக்கும் தொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அப்பா முதல் நாளே பிடித்துவிட்டார். “வள்ளத்திலை தண்ணி வெளியாலை நிண்டு உள்ளுக்குத் தள்ளும். பலகையை வங்குக் கால் தாங்கும். இதிலை தண்ணி உள்ளை நிண்டு வெளியாலை தள்ளப்போகுது. கால் எல்லாம் வெளிப்பக்கம் வரவேணும்.” என் வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. பலகையைச் சுற்றி வெளியே 2க்கு 4 அங்குலச் சட்டங்கள், பெல்ற் கட்டினது மாதிரி. மேல்விளிம்பைச் சுற்றி ஒரு சட்டகம், நடுவில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டம். 8 அடி நீளப் பலகை நடுவில்தான் வயிறு தள்ளும். வரைபடத்தில் விரலை வைத்து அவர் ஒன்றொன்றாகத் தட்டிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, பிளைவூட்டைப் பற்றிய முறைப்பாட்டை அவர் மறந்துவிட்டார் என்று தெரிந்தது.

பெப்ரவரியில் தொடங்கினோம். முக்கால் அங்குல டக்ளஸ் ஃபிர் பிளைவூட். தண்ணீர்ப் பசை இல்லாத, வெளிவேலைக்குரிய தரம். ஒவ்வொரு பொருத்திலும் பசை, பிறகு 15 சென்ரிமீற்றருக்கு ஒரு துருவேறா ஸ்குரூ. அப்பாவுக்கு ட்ரில்லின் சத்தம் பிடிக்காது. ஆனால் துளை நேராக இறங்குகிறதா என்று பக்கத்தில் குனிந்து பார்க்கும் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. முழங்கால் வலியோடு பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துவிட்டு அதில் இருந்துகொண்டார். உளி அலுமாரியிலிருந்து இறங்கியது. தீட்டுவதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தார்.

மே மாதம் வரை காத்திருந்தோம். எப்பொக்சிக்குக் குளிர் ஆகாது. பிசினும் இறுக்கியும் சேரும்போது நடக்கும் இரசாயன வினைதான் அதைக் கெட்டியாக்குகிறது. குளிரில் வினை தூங்கிவிடும், பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. வினை வெப்பத்தை வெளிவிடும். கலந்ததை ஆழமான பேணியில் அப்படியே விட்டால் வெப்பம் வெளியேற இடமில்லாமல் கொதித்துப் புகைக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிவைத்துப் பூசவேண்டும். ஒரு பூச்சுக் காய்ந்ததும் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைக் கழுவி, மினுமினுப்புப் போக அரத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்த பூச்சு. மூன்று பூச்சு. மூலைகளில் ஃபைபர் கிளாஸ் துணிப்பட்டை வைத்து அதன்மேல் பூச்சு.

இந்த இடத்தில்தான் அப்பா எழும்பி மேலே போய்விட்டார்.

துணிச்சுருளை நான் பிரித்தேன். அவர் கையில் வாங்கி விரலால் நூலைப் பிரித்துப் பார்த்தார். “இதுதானே” என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. படியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். சாப்பாட்டு நேரத்திலும் கதைக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். அப்பா இருபதுகளில் இருந்தபோது ஃபைபர் வள்ளங்கள் கரைக்கு வந்தன. பாரம் குறைவு, புழு அரிக்காது, வருடத்துக்கு ஒருமுறை கரையில் ஏற்றிக் கலப்பத்துப் பார்க்கத் தேவையில்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையில் பஞ்சை இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைப்பதுதான் கலப்பத்து. அப்பப்பாவின் பெயர் அந்த வேலையில்தான் இருந்தது. சில வருடங்களுக்குள் புது மரவள்ளம் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அப்பா கதவு, யன்னல் செய்யப் போனார். அப்பப்பா கடைசிவரை கரைக்குப் போய்வந்தார், வேலை இல்லாமல். யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. மீனவனுக்கு நல்ல வள்ளம் கிடைத்தது. ஆனால் அந்தத் துணியை வீட்டுக்குள் கொண்டுவந்து, “அப்பா, இதை ஒருக்கால் பிடியுங்கோ” என்று அவரிடம் நீட்டியவன் நான்.

மறுநாள் காலை மகள்தான் அழைத்துவந்தாள். என்ன சொல்லி அழைத்தாள் என்று நான் கேட்கவில்லை. படியில் நின்றே மூக்கை உறிஞ்சினார். “மணம் வேறை” என்றார். உண்மைதான். வள்ளத்துக்குப் பாவித்தது பொலியெஸ்ரர் பிசின். தெருவில் நின்றாலே தலையிடிக்கும் மணம் அது. எப்பொக்சிக்கு மணம் குறைவு. “இது அது இல்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பால்பெட்டியில் இருந்தார். பிறகு என் வேலையைப் பார்த்து, துணி கூர்மூலையில் படியாது, உள்ளே காற்று நிற்கும், முதலில் மூலையை உருட்டவேண்டும் என்றார். மரத்தூளைப் பிசினோடு குழைத்து மூலை நீளத்துக்கும் வைத்து, மர அகப்பையின் முதுகால் ஒரே இழுவையில் வழித்தார். 8 அடிக்கும் ஒரே வளைவு. மனைவி அந்த அகப்பையை இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.

கண்ணாடி 12 மில்லிமீற்றர் தடிப்பு, 43 கிலோ. அதைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் ஒட்டினால் தண்ணீர் தள்ளிப் பிடுங்கிவிடும். உள்ளேயிருந்து வைக்கவேண்டும், அப்போது அந்த 600 கிலோவே கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பகையாளியையே காவலுக்கு வைப்பது மாதிரி ஓர் ஏற்பாடு. பெட்டியை முகம் குப்புறக் கிடத்தி, சட்டத்தைச் சுற்றி சிலிக்கோன் இட்டு, கண்ணாடியை அதன்மேல் இறக்கவேண்டும். குறுக்குச் சட்டத்தைப் பிறகுதான் பூட்டுவோம், இல்லாவிட்டால் கண்ணாடி உள்ளே போக வழியில்லை. சிலிக்கோன் சில நிமிடங்களில் தோல் பிடித்துவிடும். காய்ந்த சிலிக்கோனில் புதுச் சிலிக்கோன் சரியாக ஒட்டாது. ஆகவே இடையில் நிறுத்தித் தேநீர் குடிக்கிற வேலை இல்லை.

ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், பக்கத்து வீட்டு பிலிப்பினோக்காரர், மகள், நான். உறிஞ்சிப் பிடிக்கும் கைபிடிகள் நான்கு. அப்பா பால்பெட்டியில். அறை முழுவதும் வினாகிரி மணம். பிலிப்பினோக்காரருக்கு அப்பாவின் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு அவருடைய ஆங்கிலம் பிடிபடாது. ஆனாலும் “மெள்ள, மெள்ள, உங்கடை பக்கம் விடுங்கோ” என்று அப்பா சொன்னபோது அவர்தான் முதலில் விட்டார். கண்ணாடி படுக்கையில் இருந்ததும் சிலிக்கோன் சுற்றிவர ஒரே அகலத்துக்குப் பிதுங்கியது. யாரும் பேசவில்லை. ஒரு கிழமை அதைத் தொடவில்லை.

யூலையில் தண்ணீர் விட்டோம். ஒரே நாளில் இல்லை. நாளுக்கு 10 சென்ரிமீற்றர். ஒவ்வொரு நாளும் பின்பலகையின் நடுவில் நூல் பிடித்து வளைவை அளந்தோம். ஏழாம் நாள், 70 நிறைந்த இரவு, 11 மணிபோல, முன்சட்டத்தின் கீழ்விளிம்பில் துளிகள் நின்றன. வரிசையாக, நான்கைந்து.

நான் அந்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கசிவு என்றால் எல்லாவற்றையும் வடித்து, கண்ணாடியை அறுத்தெடுத்து, முதலிலிருந்து. மகள் வாளியைத் தேடி ஓடினாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மேலே போனார். திரும்பி வந்தபோது கையில் சாமியறையின் திருநீற்றுக் கிண்ணம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவர் துளிகளைத் துணியால் ஒற்றி எடுத்தார். கீழ்ப்பொருத்து நீளத்துக்கும் திருநீற்றை இழுத்தார். பிறகு பொருத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கண்ணாடியின் நடுவில் ஒரு குறி. தண்ணீர் மட்டத்துக்கு மேலே காய்ந்த இடத்தில் இன்னொரு குறி. “இரு” என்றார். அரை மணித்தியாலம் இருந்தோம். கீழே இழுத்த கோடு ஈரத்தில் கறுத்தது. நடுக்குறியும் அதே அளவு கறுத்தது. மேலே வைத்தது வெள்ளையாகவே நின்றது. தண்ணீர் கண்ணாடிக்கூடாக வரமுடியாது. பொருத்தும் நடுக்கண்ணாடியும் ஒரே மாதிரி நனைந்தால் அது கசிவில்லை. வெளியே உள்ள காற்று வேர்க்கிறது. ரொறன்ரோக் குழாயில் வருவது ஒன்ராறியோ ஏரியின் குளிர்ந்த தண்ணீர். யூலை மாதத்துப் பேஸ்மென்றின் ஈரக்காற்று அதைப் பட்டதும் துளியாகிறது. “கொன்ற்றோல் வைச்சுச் செய்திருக்கிறியள், அப்பப்பா” என்று மகள் சொன்னாள். விஞ்ஞான வகுப்பில் படித்ததாம். மனைவி படியில் நின்று, தொட்டிக்கும் பட்டை போட்டாச்சோ என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அதற்குப் பிறகும் மீனை விட ஆறு கிழமை. மீனின் கழிவிலிருந்து வருவது அமோனியா, அது நஞ்சு. ஒரு வகைப் பக்ரீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். அதை மீன் ஓரளவு பொறுக்கும். இந்த இரண்டு வகையும் வடிகட்டியில் குடியேறிப் பெருக நாள் வேண்டும். ரொறன்ரோத் தண்ணீரில் குளோரமீன் கலக்கிறார்கள். ஊரில் செய்வதுபோல வாளியில் ஒரு நாள் வைத்தால் அது பறந்துபோகாது, அதற்குத் தனி மருந்து விடவேண்டும். வெறும் தண்ணீரை ஆறு கிழமை சூடாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று மனைவி மின்சாரக் கட்டணத்தைக் காட்டினார். மரம் கண்ணாடியைவிடச் சூட்டைப் பிடித்துவைக்கும் என்று நான் சொன்னேன். கட்டணம் குறையவில்லை.

செப்ரெம்பரில் நான்கு ஒஸ்காரும் கெளிறும் இறங்கின. இரண்டு நாள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் ஒன்று மறுமூலைவரை நீந்திப்போய்த் திரும்பியது. ஒஸ்கார் ஆளை அடையாளம் காணும். நான் போனால் அசையாது. அப்பாவின் பிஜாமா படியில் தெரிந்தாலே முன்னுக்கு வந்துவிடும்.

வீடு விற்கும் தொழில் செய்யும் உறவினர் ஒருவர் பொங்கலுக்கு வந்தவர், கீழே இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். விற்கிற நேரம் இது இடைஞ்சல், வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்றார். “வெட்டினால் விறகுக்கும் ஆகாது” என்றார் அப்பா. எப்பொக்சி ஊறிய பலகை எரிந்தால் வரும் புகையைச் சொன்னார். உறவினர் சிரித்தார். நான் அந்தக் கதையைத் தொடரவில்லை.

போன மாதம் இரண்டு ஒஸ்கார்கள் தட்டைக்கல் ஒன்றை இரண்டு நாளாக வாயால் துப்புரவாக்கின. பிறகு அதன்மேல் முட்டைகள், வரிசை வரிசையாக, நூற்றுக்கணக்கில். அப்பா பேஸ்மென்ற் விளக்கை அணைத்தார். ரீவீயைச் சத்தமாகப் போடவேண்டாம் என்றார். மூன்றாம் நாள் காலை கல் வெறுமையாக இருந்தது. தாங்களே தின்றிருக்கும், முதல் தடவை அநேகமாக அப்படித்தான் என்றாள் மகள். அந்தச் சனிக்கிழமை தண்ணீர் மாற்றும்போது கழுவலாம் என்று கல்லை எடுக்கப் போனேன். அதை அசைக்கவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.